கிணற்றில் நீந்தியவர் 750 மீட்டர் நீந்த முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது சைக்கிளைப் பற்றி. இன்னும் பதினான்கு வாரத்தில் கிழக்குக் கடற்கரையில் நடக்கும் சிறிய டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஸ்பிரின்ட் என்று சொல்கிற அளவு. எண்பதாயிரம் ரூபாய்க்கு ரோடு பைக் வாங்கலாமா, கையிலிருக்கும் ஹைப்ரிட் சைக்கிள் போதுமா என்பது கேள்வி. ஆனால் கடைசிப் பத்தியில், போகிற போக்கில், மூன்று செய்திகளை விட்டுச் சென்றிருக்கிறீர்கள். வயது 38. கரூர்ப் பக்கம் கிணற்றில் நீந்தி வளர்ந்தவர், ஆனால் பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் உங்கள் குடியிருப்புக் குளத்தில் ஐம்பது மீட்டர் போவதற்குள் மூச்சு முட்டுகிறது. அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. இந்த மூன்றையும் படித்த பிறகு உங்கள் கேள்வி எனக்குச் சைக்கிள் கேள்வியாகத் தெரியவில்லை. நடுத் தண்ணீரில் திணறி, எல்லோர் கண் முன்னாலும் படகில் தூக்கிப் போட்டுக்கொண்டு வருவார்களோ என்பதுதான் உங்கள் பயம். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். சைக்கிளுக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். பதினாறு ஆண்டுகளாகப் பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லித் தருகிறேன். குழந்தைகளுக்கு அல்ல, முப்பது வயதுக்கு மேல், அலுவலகத்தில் நான்கு பேருக்கு உத்தரவு போட்டுவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு. உங்கள் அளவு டிரையத்லான் ஏழு முடித்திருக்கிறேன், எதிலும் பரிசு வாங்கியதில்லை. ஆகவே நீச்சலைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். ஓட்டத்திலும் சைக்கிளிலும் நான் சொல்வது மெதுவாகப் போகிற ஒருத்தியின் அனுபவம், அவ்வளவுதான். மருத்துவம் என் துறை அல்ல. ஆனாலும் மருத்துவரில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

சம்பிரதாயத்துக்காக 'டாக்டரைப் பாருங்கள்' என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த திடீர் மரணங்களையும், இதயம் நின்று பிழைத்தவர்களையும், விபத்து மரணங்களையும் தொகுத்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. மொத்தம் 135 பேர். அதில் 90 பேருக்கு அது நேர்ந்தது நீச்சல் பகுதியில். பெரும்பாலோர் ஆண்கள், சராசரி வயது 47-ஐ ஒட்டி. போட்டியில் இறங்கியவர்களின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் லட்சத்துக்கு இரண்டுக்கும் குறைவு, ஆகவே இதைப் படித்துவிட்டுப் பெயரைத் திரும்பப் பெற வேண்டியதில்லை. ஆனால் உடற்கூறாய்வு செய்யப்பட்டவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு ஏற்கெனவே இதயத்தில் கோளாறு இருந்திருக்கிறது. ஏன் நீச்சலில் மட்டும் இத்தனை என்பதற்கு ஒரே விடை இன்னும் இல்லை. குளிர்ந்த நீர், அடக்கிய மூச்சு, படபடப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து துடிப்பைத் தடுமாற வைக்கின்றன என்பது ஒரு விளக்கம். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது இன்னொரு விளக்கம். அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கு அந்த வாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தந்தைக்கு 55 வயதுக்கு முன் இதய நோய் வந்திருந்தால் மருத்துவர்கள் அதைத் தனியாகக் கணக்கில் எடுப்பார்கள். 'உடம்பு செக்கப்' என்று பொதுவாகப் போய் நிற்காமல், அப்பாவின் வயதையும், நீங்கள் செய்யப்போவதையும் சொல்லிக் கேளுங்கள். படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று பொருள் இல்லை. ஓட வைத்துப் பார்க்கும் சோதனை தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு என்று எது வந்தாலும் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது.

இனி அந்த ஐம்பது மீட்டர். கிணற்றுப் பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும், என் அப்பாவே வேலூர்ப் பக்கத்துக் கிணற்றுப் பிள்ளைதான். சுரைக்குடுக்கையையோ லாரி டியூபையோ கட்டிக்கொண்டு ஒரு வாரம், பிறகு யாராவது மாமா ஒருவர் பின்னாலிருந்து தள்ளிவிடுவார், அத்தோடு நீச்சல் வந்துவிடும். தண்ணீர்ப் பயம் போய்விடுகிறது. அது பெரிய சொத்து, என்னிடம் வருகிற பாதிப் பேருக்கு அது இல்லை. ஆனால் கிணற்று நீச்சல் என்பது உண்மையில் குதிக்கிற விளையாட்டு. மோட்டார் அறைக் கூரையிலிருந்து கடப்பாறை போல நெட்டுக்குத்தாக இறங்கி, அடிச் சேற்றில் ஒரு பிடி அள்ளிக் காட்டிவிட்டு, நாலு கை போட்டுப் படியைப் பிடிப்பது. பெரும்பாலான கிணறுகளில் முப்பது நாற்பது அடிக்கு மேல் நேராக நீந்த இடம் இல்லை. அந்தத் தூரத்துக்கு மூச்சை அடக்கிக்கொண்டாலே போதும். தலையைத் தண்ணீருக்கு மேல் தூக்கி, நெஞ்சில் காற்றைப் பூட்டிக்கொண்டு, வேகமாகக் கையடித்தால் கரை வந்துவிடும். உங்கள் உடம்பு பத்து வயதில் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்: நீச்சல் என்றால் மூச்சை அடக்குவது. அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு 750 மீட்டர் போக முடியாது. ஐம்பதே அதிகம்.

மூச்சு முட்டுவது காற்று பற்றாததால் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்தத் தவிப்பைக் கிளப்புவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல, உள்ளே தேங்கும் கார்பன் டை ஆக்சைடு. முகம் தண்ணீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் நீங்கள் மூச்சை வெளியே விடுவதில்லை. பிறகு தலையைத் திருப்புகிற அந்த ஒரு நொடிக்குள் பழையதை வெளியே தள்ளி, புதியதை உள்ளே இழுக்கப் பார்க்கிறீர்கள். இரண்டும் அரைகுறை. நாலைந்து முறை இப்படி ஆனதும் நெஞ்சு நிறையக் காற்று இருந்தும் செத்துவிடுவேன் போலத் தோன்றுகிறது. உடனே தலை மேலே வருகிறது; தலை மேலே வந்தால் கால் கீழே போகிறது; கால் கீழே போனால் தண்ணீரில் நடக்கிற மாதிரிதான், இரண்டு மடங்கு உழைப்பு. தெம்பு போதவில்லை என்று முடிவு கட்டி ஜிம்முக்குப் போகிறார்கள். உங்களுக்குத் தெம்பு தாராளமாக இருக்கிறது.

இதைச் சரிசெய்ய நான் செய்ய வைக்கும் முதல் வேலையில் நீச்சலே கிடையாது. மார்பளவுத் தண்ணீரில் நின்று, குளத்தின் தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொல்வேன். கேட்க எளிதாக இருக்கும். திண்டிவனத்துக்காரர் ஒருவர், வங்கி அதிகாரி, உங்களைப் போலவே கிணற்றுப் பிள்ளை, மூன்று நாள் முயன்றும் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு முறையும் தக்கை போல மேலே வந்தார். கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கையால் தண்ணீரை மேல்நோக்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நான்காம் நாள் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே போங்கள் என்றேன். முனகினால் மூக்கு வழியாகக் காற்று போய்த்தானே ஆக வேண்டும்? குமிழி சரசரவென்று மேலே வந்தது, மனிதர் கீழே போனார். ஓடு பதித்த தரையில் உட்கார்ந்து, கண்ணைத் திறந்து, தன் தலைக்கு மேல் போகும் குமிழிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து, 'காற்றை விட்டால்தான் உட்கார முடிகிறது மேடம்' என்றார், ஏதோ என்னிடம் புகார் சொல்கிற குரலில். இரண்டு வாரத்தில் நூறு மீட்டர் நிற்காமல் போனார். நீங்களும் அதிலிருந்தே தொடங்குங்கள். ஆழம் குறைந்த பக்கத்தில், யாராவது அருகில் இருக்கும்போது. ஒன்று மட்டும் எச்சரிக்கை: பலமுறை வேகமாக மூச்சிழுத்து விட்டுவிட்டு நீருக்குள் போகும் விளையாட்டு வேண்டாம். மயக்கம் முன்னறிவிப்பில்லாமல் வரும்.

அடுத்தது வேகம். நான் பாடம் நடத்தும் குளத்தில் ஒரு காவலர் இருக்கிறார், கோலார்ப் பக்கத்துக் கன்னடக்காரர். யாராவது தண்ணீரை அடித்து நுரை கிளப்பினால், நாற்காலியை விட்டு எழாமல் 'நிதானா, சார், நிதானா' என்று குரல் கொடுப்பார். கன்னடத்தில் அதற்கு 'மெதுவாக' என்றுதான் பொருள். நம் காதில் அது இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே விழுகிறது. உங்களுக்கு அந்தக் கூடுதலும் வேண்டும். ஒவ்வொரு கை வீச்சுக்கும் பிறகு அந்தக் கை முன்னால் நீண்டு ஒரு கணம் சும்மா இருக்கட்டும். முகம் கீழே பார்க்கட்டும், நெஞ்சைத் தண்ணீருக்குள் லேசாக அழுத்துங்கள், இடுப்பு தானாக மேலே வரும். காலை உதைத்துக் களைக்காதீர்கள், அதை அடுத்து சைக்கிள் இருக்கிறது. சரியான வேகத்தில் போகிறீர்களா என்பதற்கு ஒரே சோதனை: சுவரைத் தொட்டதும் உங்கள் முழுப் பெயரையும் ஊரையும் ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும்.

குடியிருப்புக் குளத்தை முதலில் டேப் வைத்து அளங்கள். விளம்பரத்தில் என்ன போட்டிருந்தாலும் இப்படிப்பட்ட குளங்கள் பலவும் 25 மீட்டருக்குக் குறைவு. சிறுநீரக வடிவத்தில் வேறு கட்டி வைத்திருப்பார்கள். சுவர் சீக்கிரம் சீக்கிரம் வந்தால், திரும்புகிற சாக்கில் ஓய்வு கிடைத்துவிடும், நீந்திய தூரம் ஏமாற்றும். வாரத்தில் ஒருநாளாவது 25 மீட்டர்க் குளத்துக்குப் போங்கள். அதில் முப்பது முறை கடந்தால் 750. பசவனகுடியில் 50 மீட்டர்க் குளம் இருக்கிறது, ஆனால் ஒயிட்ஃபீல்டிலிருந்து காலையில் அங்கே வந்து போவது பயிற்சியா தண்டனையா என்று எனக்குத் தெளிவில்லை. வாரம் மூன்று நாள் நீச்சல் வேண்டும். இரண்டு மணி நேரம் ஒருநாள் செய்வதைவிட நாற்பது நிமிடம் மூன்று நாள் நல்லது, தண்ணீர்ப் பழக்கம் அப்படித்தான் படியும். முதல் மூன்று வாரம் 25 மீட்டர் எட்டு முறை, நடுவில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில்லுங்கள். பிறகு ஐம்பதுகள். ஏழாம் வாரவாக்கில் நூறு மீட்டர் ஆறு முறை, நடுவில் அரை நிமிடம். பத்தாம் வாரத்தில் 400, சற்று ஓய்வு, மறுபடி 300. பன்னிரண்டாம் வாரத்தில் ஒரே ஒருமுறை நிற்காமல் 900 போய்ப் பாருங்கள். போட்டியில் மிதவைகளைச் சுற்றி நேராகப் போவது யாருக்கும் வாய்ப்பதில்லை, 750 என்பது எப்படியும் 800-க்கு மேல் ஆகிவிடும்.

அந்த வளைந்த பாதையில் உங்கள் கிணற்றுப் பழக்கம் கைகொடுக்கும். திறந்த நீரில், குளத்தில் இருப்பது போல, வழிகாட்டத் தரையில் கறுப்புக் கோடு கிடையாது. எட்டுப் பத்துக் கைக்கு ஒருமுறை, முதலை மாதிரி கண்ணை மட்டும் மேலே தூக்கி மிதவை எங்கே என்று பார்க்க வேண்டும். குளத்திலேயே கற்றவர்களுக்கு இது வரவே வராது. உங்களுக்கு வேண்டாம் என்றாலும் வரும். கடல் நீர் உப்பு என்பதால் உடம்பும் நன்றாகவே மிதக்கும். பெங்களூரில் இதைப் பழக இடம் இல்லை என்பதுதான் கஷ்டம். ஏரிக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் நுரை பொங்கித் தீப்பிடித்த பெல்லந்தூர் ஏரியின் ஊர் இது, நான் வீட்டிலிருந்து தினமும் பார்க்கிற அல்சூர் ஏரியிலும் காலை நனைக்க மாட்டேன். ஊருக்கு வெளியே கல்குவாரிக் குட்டைகளுக்குக் கூட்டிப்போகிறேன் என்று நண்பர்கள் சொல்வார்கள். தயவுசெய்து போகாதீர்கள். கரை செங்குத்து, அடி தெரியாது, காப்பாற்ற ஆள் இருக்க மாட்டார். போட்டிக்கு முந்தைய நாள் ஏற்பாட்டாளர்கள் பழகு நீச்சல் வைத்தால் அதைத் தவறவிடாதீர்கள். இல்லையென்றால் குளத்திலேயே நீச்சல் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டுவது, நடுவில் நின்றபடி மிதப்பது, மல்லாந்து இளைப்பாறுவது மூன்றையும் பழகிக்கொள்ளுங்கள்.

விதிகளில் உங்கள் வயிற்றில் பால் வார்க்கும் செய்தி ஒன்று இருக்கிறது. உலக டிரையத்லான் விதிப்படி எந்த நீச்சல் முறையும் செல்லும். ஃப்ரீஸ்டைல்தான் போட வேண்டும் என்பதில்லை. மல்லாந்து மிதக்கலாம், கையை உயர்த்தி உதவி கேட்கலாம், மிதவையையோ நின்றுகொண்டிருக்கும் படகையோ பிடித்துக்கொண்டு இளைப்பாறவும் செய்யலாம். அதைப் பிடித்து இழுத்து முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். நான் இதைத் தெரிந்துகொண்டது நல்ல வழியில் அல்ல. என் முதல் போட்டியில், நீச்சல் சொல்லித் தருகிறவள் என்ற மிதப்பில், முன்வரிசையில் போய் நின்றேன். ஊதல் ஒலித்ததும் என் முதுகின் மேல் ஒருவர் ஏறிப் போனார், ஒரு குதிகால் என் கண்ணாடியைத் தட்டியது. நானும் வீம்புக்கு வேகமெடுத்தேன். நூறு மீட்டரில், பிறருக்கு நான் விளக்கிச் சொல்கிற அந்தத் தவிப்பு எனக்கே வந்தது. மிதவைக் கயிற்றைப் பிடித்து மல்லாந்தேன். மேலே இரண்டு பருந்துகள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. அவை என்ன நினைத்துச் சுற்றுகின்றன என்று யோசித்ததில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் மூச்சு வெளியே போகிறதல்லவா, அத்தோடு சரியாகிவிட்டது. படகிலிருந்த பையன் 'அம்மா, ஆர் யூ ஓகே?' என்று கேட்டதற்குக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுக் கிளம்பினேன். நீங்கள் கடைசி வரிசையில், ஓரத்தில் நில்லுங்கள். ஊதியதும் இருபது எண்ணிவிட்டு இறங்குங்கள். அந்த இருபது நொடி எங்கேயும் போய்விடாது.

சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் இவ்வளவு விளக்கம் தேவையில்லை. வாரம் இரண்டு நாள் சைக்கிள், இரண்டு நாள் ஓட்டம், ஒருநாள் முழு ஓய்வு, ஓய்வை ஏமாற்றாதீர்கள். ஞாயிறு விடியலில் ஹொசகோட்டைக்கு அப்பால் சிந்தாமணிச் சாலையில் முப்பது கிலோமீட்டர் போய்வந்தால் சைக்கிள் பகுதி முடிந்த மாதிரி. நந்தி மலை ஏறிப் படம் எடுத்துப் போடலாம், ஆனால் கடற்கரைச் சாலை மட்டமானது, உங்களுக்கு அந்த மலையால் லாபம் ஒன்றும் இல்லை. பெங்களூர்ச் சாலையில் நாய், மணல், இருட்டில் வண்ணம் அடிக்காத வேகத்தடை மூன்றுக்கும் பயந்து ஓட்டுங்கள். கனமான கியரில் மிதித்து முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாமல், லேசான கியரில் நிமிடத்துக்கு எண்பது சுற்றுக்குக் குறையாமல் மிதிக்கப் பழகுங்கள். ஓட்டத்துக்குப் பேச்சுதான் அளவுகோல். பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். ஞாயிறுகளில் வண்டி விடாத கப்பன் பூங்காவில் ஓட ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோ ஒரே தடத்தில் வருகிறது. நடந்து ஓடி, ஓடி நடந்து ஐந்து கிலோமீட்டர் முடித்தாலும் அது முடித்ததுதான்.

ஒன்றை மட்டும் விடாமல் செய்யுங்கள். எட்டாம் வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை, சைக்கிளிலிருந்து இறங்கிய உடனே ஒரு கிலோமீட்டர் ஓடுங்கள். பிரிக் என்பார்கள். முதல் தடவை கால் உங்களுடையதாகவே இருக்காது, யாரோ தூணைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கும். நான்கைந்து தடவைக்குப் பிறகும் அப்படித்தான் இருக்கும், ஆனால் அது ஐந்து நிமிடத்தில் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நீச்சல் முடிந்து சைக்கிளை எடுக்கும் இடத்தில் எல்லோருக்கும் மூளை வேலை செய்யாது. ஹெல்மெட் வார் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும். சைக்கிளைத் திரும்ப அதன் தாங்கியில் மாட்டிய பிறகுதான் வாரை அவிழ்க்க வேண்டும். இது கறாரான விதி. குறித்த கோட்டைத் தாண்டித்தான் ஏற வேண்டும், கோட்டுக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும். காதில் பாட்டு கூடாது. வெற்று மார்போடு சைக்கிளும் ஓட்டமும் கூடாது. நம்மைப் போன்றவர்கள் கலந்துகொள்ளும் பிரிவுகளில் முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்று மறைவில் போவதும் பெரும்பாலும் தடை. இந்த அளவுப் போட்டிக்குப் பத்து மீட்டர் இடைவெளி வழக்கம், உங்கள் போட்டியின் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு மொட்டை மாடியில் துண்டு விரித்து, ஈரக் காலோடு ஷூ மாட்டி, இதையெல்லாம் நாலு முறை ஒத்திகை பாருங்கள். அண்டை வீட்டார் பார்த்தால் பார்க்கட்டும். ஒத்திகை பார்க்காமல் போன நான், ஓட்டத்தில் முந்நூறு மீட்டர் போன பிறகுதான் தலையில் இன்னும் ஹெல்மெட் இருப்பதை உணர்ந்தேன். வழியில் கைதட்டியவர்கள் ஏன் அவ்வளவு உற்சாகமாக இருந்தார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு அறிவுரை சொல்ல நிறையப் பேர் வருவார்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதற்கு உப்புக் குறைவுதான் காரணம் என்று அடித்துச் சொல்வார்கள். தசை களைத்து நரம்புக் கட்டுப்பாடு தடுமாறுவதுதான் காரணம் என்போரும் இருக்கிறார்கள், இரண்டாவது பக்கம் எனக்குச் சாய்வு அதிகம். எதுவானாலும் தண்ணீரில் பிடித்தால் செய்ய வேண்டியது ஒன்றே: மல்லாந்து, கால் கட்டைவிரலைப் பிடித்து முகத்தை நோக்கி இழுப்பது. ஓடுவதற்கு முன் நின்றபடி தசையை நீட்டினால் காயம் வராது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. மெதுவாகத் தொடங்குவதே போதும். வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஓட்டத்தைக் கூட்டக் கூடாது என்ற விதியும் கல்வெட்டு அல்ல. புதிதாக ஓடுகிறவர்களிடம் சோதித்தபோது அதனால் காயம் குறையவில்லை. ஆனாலும் ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்காதீர்கள், அதற்கு ஆய்வு தேவையில்லை.

வெப்பத்தில் எனக்குச் சந்தேகம் கிடையாது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தால் நுரையீரலுக்கு ஒன்றும் பெரிய லாபம் இல்லை, காலைக் குளிரால் நஷ்டம் உண்டு. இங்கே விடியலில் சுகமாக ஓடிப் பழகிய வேகத்தைக் கடற்கரையின் புழுக்கத்தில் பிடிக்கப் பார்த்துத் தலைசுற்றி உட்கார்ந்தவர்களை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கிறேன். உடம்பு வெப்பத்துக்குப் பழக பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். கடைசி இரண்டு வாரம் சில ஓட்டங்களை ஒன்பது, பத்து மணி வெயிலுக்கு மாற்றுங்கள், குறைந்த தூரம், குறைந்த வேகம், மருத்துவர் தடை சொல்லாவிட்டால். போட்டியன்று கிலோமீட்டருக்கு அரை நிமிடமாவது மெதுவாக ஓடுவேன் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போங்கள்.

சாப்பாட்டில் மர்மம் ஏதும் இல்லை. தொடங்குவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பு மூன்று இட்லி, சாம்பாருக்குப் பதில் சர்க்கரை. வழக்கம் இருந்தால் காபி. சைக்கிளில் ஒரு புட்டி நீரில் உப்பும் சர்க்கரையும். இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் போட்டிக்கு நூறு ரூபாய் ஜெல் பொட்டலம் அவசியமில்லை, பழக்கமில்லாத வயிற்றில் அது வேறு வேலை காட்டும்.

பத்தாம் வாரக் கடைசியில் ஒருநாள், 25 மீட்டர்க் குளத்தில் 600 மீட்டர் நிற்காமல் நீந்திப் பாருங்கள். முடித்ததும் பெயரும் ஊரும் சொல்ல முடிகிறதா? போட்டிக்குப் போங்கள். முடியவில்லையா? இன்னும் சிறிய தூரப் பிரிவு இருந்தால் ஏற்பாட்டாளர்களிடம் மாற்றிக் கேளுங்கள், அல்லது ஓட்டமும் சைக்கிளும் மட்டும் உள்ள டூயத்லானுக்குப் போங்கள். கட்டிய பணத்துக்காகத் தண்ணீரில் இறங்காதீர்கள்.

சைக்கிள் கேட்டீர்களே. ஹைப்ரிடில் மணிக்கு 22 கிலோமீட்டர் போனால் 20 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 55 நிமிடம். ரோடு பைக்கில் அதே கால் 25 போகும் என்று வைத்துக்கொண்டால் 48 நிமிடம். ஏழு நிமிடத்துக்கு எண்பதாயிரம். முதல் போட்டிக்கு அது வேண்டாம் தம்பி. இரண்டாவது போட்டிக்கும் ஆசை இருந்தால் அப்போது வாங்குங்கள். இப்போதைக்கு இருப்பதை நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து பிரேக், செயின், கியர் வயரைச் சரிபார்த்து, சீட் உயரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். டயரில் காற்று எவ்வளவு என்பது அதன் பக்கவாட்டிலேயே பொறித்திருக்கும். கையோடு ட்யூப் மாற்றவும் கற்றுக்கொள்ளுங்கள், பின் சக்கரத்தில். முன் சக்கரம் எல்லோருக்கும் வரும்.